வெள்ளிக்கிழமை வந்த வலி

அத்தியாயம் 17

ஹியூபேட் முதலாளி புதன்கிழமை காலையில் விழுந்தார் என்றுதான் ஜம்பட்டா வீதி முழுவதும் கதை. கடைக்கு முன்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள் கண்ணால் கண்டதும் அதுதான். பேலியகொடையிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவருக்குத் தண்ணீர்ப் பம்ப் ஒன்றின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வாக்கியத்தை முடிக்காமல், அந்தப் பம்பின் மேலேயே கையை ஊன்றிச் சரிந்தார். ஹியூபேட் விலை சொல்லாமல் ஒரு பேச்சை நிறுத்தியது அன்றுதான்.

விழுந்தது புதன்கிழமை. வலி வந்தது வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரத்தைப் பற்றி அறிந்தவர்கள் இரண்டே பேர். மனைவி இமெல்டா, மகன் றேமண்ட். கடை பூட்டும் நேரம், நெஞ்சில் ஆரோ ஏறி இருக்கிற மாதிரி இருக்குது என்றார் ஹியூபேட். இடது கை விறைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. "வெறும் காஸ், வாய்வு" என்று சொல்லி இமெல்டா ஒரு ஜிஞ்சர் பியரை உடைத்துக் கொடுத்தாள். அரைப் போத்தல் உள்ளே போய் முழுப் போத்தலாக வெளியே வந்தது.

அடுத்த தெருவிலேயே டிஸ்பென்சரி இருந்தது. ஆனால் அந்த டொக்டரின் மனைவியும் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் சித்தியும் ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். குளிசை வீட்டுக்கு வருமுன் செய்தி வெள்ளவத்தைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அங்கே அது தெரியக்கூடாது, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பிறிஜெற்றுக்கு முதலாம் ஓலை. பூசையில் சுவாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்பார். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்டு, ஒருவரும் வாய் திறக்காவிட்டால் கலியாணம்.

பிறிஜெற்றுக்கு முன்னர் வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே காரணத்தால் முறிந்தவை. இமெல்டாவின் தம்பிமார் இரண்டு பேரும் இளவயதிலேயே நெஞ்சு வருத்தத்தில் போனவர்கள். "அது பரம்பரைச் சாமான்" என்று ஒரு வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் தாய், வெள்ளவத்தைக் கொன்ஸ்ரன்ஸ், தன் புருஷனை ஒரு நெஞ்சுவலிக்குப் பறிகொடுத்தவள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்கட பக்கத்தில நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இவர் கருங்கல்லு, அக்கா" என்றாள் இமெல்டா. தம்பிமாரைப் பற்றிக் கேட்கவில்லைத்தானே என்று தன் மனச்சாட்சிக்கு ஒரு கழிவு கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஹியூபேட் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஞாயிறு மட்டும் பொறு. ஓலை வாசிக்கும் மட்டும் வாய் திறக்காதே."

றேமண்ட் திறக்கவில்லை. அப்பா சொன்னதால் பேசாமல் இருந்தேன் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். உண்மை அதைவிடக் கொஞ்சம் மலிவானது. தங்கை வீட்டிலிருக்கும்வரை அவனுக்கும் ஒரு சம்பந்தம் பேச வராது. அவனுக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கி நாளாகிவிட்டது.

ஞாயிறு, ஹியூபேட் கோயிலில் முன் வாங்கில் இருந்தார். முழந்தாளில் நிற்க வேண்டிய இடங்களிலும் உட்கார்ந்தே இருந்தார். மகளின் பெயர் வாசிக்கப்பட்டபோது சிரித்தார். கொலர் நனைந்திருந்தது.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறதே என்று திங்களும் செவ்வாயும் பேசாமலே போயின. பிறகு வந்ததுதான் இந்தப் புதன்கிழமை.

*

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஒரு இளம் டொக்டர் பேனையோடு நின்றார்.

"வலி எப்ப தொடங்கினது?"

வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒரு கேள்வியைக் கேட்டவுடன் பதிலைத் தேடுவதில்லை. கேட்பவரின் முகத்தைத் தேடுகிறான். றேமண்ட் அந்த முகத்தைப் பார்த்தான். பிந்தி வந்தோம் என்றால் ஏசுவார். ஆளை எடுக்கமாட்டோம் என்றும் சொல்லக்கூடும். பின்னால் அம்மா நின்றாள்.

"இண்டைக்குக் காலமை, டொக்டர்."

டொக்டரின் முகம் தெளிந்தது. "அப்ப நல்லது. வலி வந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்ள எண்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். பெரிய டொக்டர் வந்து பார்த்ததும் ஏத்துவம்."

சரியான இடத்தில் சரியான விலையைச் சொன்னவனின் நிம்மதியோடு றேமண்ட் கதிரையில் சாய்ந்தான். அந்த நிம்மதிக்காகத்தான் பிறகு அவன் கூடுதலாக வெட்கப்பட வேண்டியிருந்தது.

கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தையிலிருந்து த்ரீவீலில் வந்து இறங்கினாள். கையில் சூப் போத்தல். கோயிலுக்குக் கட்டுகிற சேலை.

"என்ன இமெல்டா, நல்லா இருந்த மனிசன்!"

"அதைத்தான் நானும் சொல்றன், அக்கா. இண்டைக்குக் காலமையும் இடியப்பம் இன்னும் ரெண்டு வையும் எண்டவர்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வாய்க்குள் கஞ்சியைத் தவிர வேறொன்றும் போகவில்லை. இமெல்டா பொய்யில் கெட்டிக்காரி அல்ல. ஆனால் தாராளமானவள். ஒன்று கேட்டால் இரண்டு போட்டுக் கொடுப்பாள்.

"ஞாயிறு கோயில்லயும் பாத்தனான். வேர்த்து ஒழுகினது."

"எங்கட வாங்குக்கு மேல ஃபான் வேலை செய்யேல்லையே, அக்கா."

"அப்பிடியே?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். அதே வாங்கில், ஹியூபேட்டுக்கு மூன்றாவது ஆளாக அன்று இருந்தவள் அவள்.

*

பெரிய டொக்டர் ஸஹாப்தீன் நோயாளியின் நெஞ்சில் ஸ்தெதஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். வெளியே வந்து, றேமண்டை மட்டும் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"இரிங்க. உங்க ஃபாதர்ட நெஞ்சில ஒரு இரைச்சல் கேக்குது. இன்னைக்குக் காலையில வந்த அட்டாக்ல இவ்வளவு கெதியா அந்தச் சத்தம் வாறது குறைவு. ஈசிஜியும் எனக்குப் பழசு மாதிரித் தெரியுது. வலி எப்ப வந்திச்சு?"

"காலமை, டொக்டர்."

டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் தானாகவே இறங்கி வருவது கடைக்காரரின் பழக்கம். றேமண்ட் இறங்கினான்.

"நேத்துப் பின்னேரமும் கொஞ்சம் அசதி எண்டவர்."

"அசதியா, வலியா?"

"வலி எண்டும் சொல்லலாம்."

"நேத்தா?"

"முந்தநாளாயும் இருக்கலாம், டொக்டர். சரியா நினைவில்லை."

டொக்டர் ஸ்தெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் றேமண்ட், என்ட வாப்பா கெய்சர் வீதியில புடவை வித்தவர். ஸ்கூல் விட்டு வந்தா நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்துதான் ஹோம்வேர்க் செஞ்ச. நீங்க இப்ப என்ன செய்றீங்கண்டு எனக்கு நல்லா வெளங்குது. ஒவ்வொரு நாளாக் கொறைச்சுக்கிட்டு வாறீங்க. நான் எதுல சரிண்டு சொல்லுவேண்டு பாக்கிறீங்க."

றேமண்டின் காதுகள் சுட்டன. தகப்பனின் உயிர் உள்ளே கிடக்க, தான் வெளியே பேரம் பேசிக்கொண்டிருப்பதை அவன் அதுவரை உணரவே இல்லை. வாய் தானாகச் செய்த வேலை.

"நான் ஏசுறதுக்குக் கேக்கல்ல" என்றார் டொக்டர். "ட்ரேயில ஊசி ரெடியா இரிக்கு. இன்னைக்கு வந்த வலிண்டா அந்த ஊசி உயிரக் காப்பாத்தும். நாளாயிட்டுண்டா அதால பிரயோசனம் இல்ல. நான் பயப்படுற மாதிரி உள்ள ஒரு இடம் கிழிஞ்சிருந்தா, இவர தியேட்டருக்குக் கொண்டு போகணும். அந்த ஊசியப் போட்டுட்டு நெஞ்ச வெட்டினா ரத்தம் நிக்காது. வெளங்குதா? உங்கட வாயில இருந்து வாற நாள வச்சுத்தான் நான் மருந்து குடுக்கிறன்."

றேமண்ட் வாயைத் திறந்தான். கதவு இடுக்கால் கொன்ஸ்ரன்ஸின் சேலைக் கரை தெரிந்தது.

"அம்மாட்டக் கேளுங்கோ, டொக்டர். அவவுக்குத்தான் சரியாத் தெரியும்."

சொன்னவுடனேயே, எந்த மனிதனும் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பாத ஒன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டொக்டர் எழுந்து வெளியே போனார். வங்கியிலிருந்து ஓடி வந்த பிறிஜெற் அப்போதுதான் மாடிப்படி ஏறி, சீருடைச் சேலையோடு, மூச்சிரைக்க நின்றாள்.

"அம்மா, இவருக்கு வலி எப்ப வந்திச்சு?"

இமெல்டா டொக்டரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தே சொன்னாள். "இண்டைக்குக் காலமைதான், டொக்டர். மாதா சாட்சியா."

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நேர்ஸ் ட்ரேயுடன் எட்டிப் பார்த்தாள். "சேர், தெனவத?" கொடுக்கட்டுமா என்று சிங்களத்தில் கேட்டாள்.

டொக்டர் திரும்பி றேமண்டைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றான் றேமண்ட். "குடுக்க வேண்டாம், டொக்டர். வெள்ளிக்கிழமை."

"றேமண்ட்!" என்றாள் இமெல்டா.

"வெள்ளிக்கிழமை பின்னேரம், கடை பூட்டேக்குள்ள. நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி எண்டவர். கை விறைச்சது. சத்தி எடுத்தவர். நாங்கள் ஜிஞ்சர் பியர் குடுத்தனாங்கள். ஞாயிறும் வலியோடதான் கோயில்ல இருந்தவர். ஓலை வாசிச்சு முடியட்டும் எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எபா", வேண்டாம் என்று நேர்ஸுக்குச் சொல்லிவிட்டு டொக்டர் உள்ளே ஓடினார். "எக்கோ மெஷினக் கொண்டு வாங்க. கெதியா."

கதவு மூடிக்கொண்டது. ட்ரே போய்விட்டது. இனி வெளியே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை.

*

முதலில் பேசியது பிறிஜெற்.

"காய்ச்சல் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"பிள்ளை, மெல்லக் கதை."

"நான் பனடோல் வாங்கிக்கொண்டு வந்தனான். அண்ணா கையில தந்தனான். வாங்கி வைச்சிட்டு 'தாங்ஸ்' எண்டும் சொன்னவர்." அவள் றேமண்டைப் பார்த்தாள். "அந்தப் பனடோல் காட் இப்பவும் அலுமாரிக்கு மேலதான் கிடக்குது, என்ன அண்ணா?"

றேமண்ட் தரையைப் பார்த்தான். ஆஸ்பத்திரித் தரைகளை இவ்வளவு பளபளப்பாக வைத்திருப்பது குற்றவாளிகளுக்கு ஒரு வசதி. பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது.

"என்ட பேர் வாசிக்கேக்குள்ள திரும்பிப் பாத்தனான். அப்பா சிரிச்சவர். எனக்காகச் சந்தோசத்தில சிரிக்கிறார் எண்டு நினைச்சனான்." அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "என்ட கலியாணத்துக்கு விலையா அவரைக் குடுத்தனீங்களே!"

"உனக்காகத்தானே பிள்ளை…" என்று இமெல்டா தொடங்கினாள்.

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. நான் கேட்டனானே?"

இமெல்டா கொன்ஸ்ரன்ஸின் பக்கம் திரும்பினாள். கை கூப்புவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு கைகளும் நடுவில் நின்றன.

"அக்கா, நான் உங்களை ஏமாத்த வேணும் எண்டு…"

"அண்டைக்கு அந்த ஃபான் காத்து என்ட பிடரியில அடிச்சுக்கொண்டிருந்தது, இமெல்டா" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "குளிருக்கு முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தனான். என்ட மனிசனும் கடைசி நாள் அப்பிடித்தான் வேர்த்தவர். எனக்கு அந்த வேர்வை தெரியும்."

"அப்ப ஏன் அக்கா ஒண்டும் கேக்கேல்லை?"

கொன்ஸ்ரன்ஸ் சூப் போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு, நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்த ஜன்னலுக்குப் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய மகன் ஜெறால்டுக்கும் இது முதல் சம்பந்தம் அல்ல.

பிறிஜெற் ஃபோனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கோபத்தில் போகிறாள் என்று றேமண்ட் நினைத்தான். தடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்றும் நினைத்தான். இரண்டாவது சரி.

*

எக்கோ பார்த்து முடிந்ததும் டொக்டர் ஸஹாப்தீன் அவனை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தினார்.

"நான் பயந்ததுதான். இதயத்துல கீழ ரெண்டு அறை. நடுவுல ஒரு சதைச் சுவர். வெள்ளிக்கிழமை அந்தச் சுவருக்குப் போற ரத்தம் அடைபட்டுட்டு. அந்த இடம் செத்துப் போச்சு. செத்த சதை நாளுக்கு நாள் இளகி, இன்னைக்குக் காலையில கிழிஞ்சிட்டு. ஒடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் அந்த ஓட்டையால மற்றப் பக்கம் போய், திரும்பவும் சுவாசப்பைக்கே போகுது."

பம்ப் விற்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மோட்டார் ஓடும், சத்தம் கேட்கும், மேல் டாங்கிக்கு மட்டும் தண்ணீர் ஏறாது. அப்படி வந்த பம்புகளை அவன் கையால் திறந்திருக்கிறான். அவற்றின் சொந்தக்காரர்களிடம், சத்தம் மாறின அன்றைக்கே கொண்டு வந்திருக்கலாமே என்று ஏசியும் இருக்கிறான்.

"தைக்க ஏலாதே, டொக்டர்?"

"அதுதான் பிரச்சினை. ஓட்டையச் சுத்தியிருக்கிற சதை ஈரக் கடதாசி மாதிரி. ஊசி போட்டா நூல் அறுத்துக்கிட்டு வரும். கொஞ்ச நாள் விட்டா அந்த இடம் இறுகும், தைக்கிறது லேசு. ஆனா உங்க ஃபாதருக்கு பிரஷர் நிக்குதில்ல. கொஞ்ச நாள் இல்ல, நாளைக்கு வரைக்கும் தாங்குவாரோண்டும் தெரியா. கால் வழியா ஒரு பலூன் மெஷின் வச்சு, இன்னைக்குப் பின்னேரமே செய்யணும். சேர்ஜன் வந்துட்டார். தப்புவாரா எண்டு கேட்டா, பாதிப் பேர் தப்புறதே பெரிசு. செய்யாட்டி ஒருத்தரும் தப்புறதில்ல."

றேமண்ட் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டான். "வெள்ளிக்கிழமையே கொண்டு வந்திருந்தால்?"

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. கெய்சர் வீதிக்காரர் கடைசி விலை சொல்லும்போது அப்படித்தான்.

"அந்த ஊசி அண்டைக்கு வேலை செஞ்சிருக்கும்."

பிறகு அவனுடைய தோளில் ஒருமுறை தட்டினார். "ஆள் நினைவோட இரிக்கார். அவர்தான் சம்மதிச்சு சைன் வைக்கணும். போய்ப் பேசுங்க."

*

கட்டிலில் கிடந்தது ஹியூபேட் முதலாளி என்று சொன்னால் ஜம்பட்டா வீதியில் யாரும் நம்பமாட்டார்கள். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். உதடு நாவற்பழ நிறம். அரைவாசி எழும்பி இருந்த நிலையிலும் மூச்சுக்கு ஓடிக்கொண்டிருந்தார். கண் மட்டும் பழைய கண். மகன் உள்ளே வந்ததும் அது அவன் முகத்தை எடை போட்டது.

"ஆர்… வெளியில?"

"அம்மா. பிறிஜெற். கொன்ஸ்ரன்ஸ் அன்ரியும் வந்திருக்கிறா."

"அவவுக்கு… என்ன சொன்னனீ?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தியேட்டருக்குப் போகிற மனிதனுக்குச் சொல்கிற பொய்யை ஒரு சுவாமியாரும் பாவமென்று எழுதமாட்டார். றேமண்டின் நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து அந்த நாக்கு செய்த வேலைகள் அவனுக்கு நினைவுக்கு வந்தன.

"உண்மையைச் சொன்னனான், அப்பா. வெள்ளிக்கிழமை எண்டு. அவவுக்கு முன்னாலதான் சொன்னனான்."

ஹியூபேட் கண்ணை மூடினார். போர்வையை நாடிவரை இழுக்கப் பார்த்தார். கை அதற்கு உதவவில்லை.

"மடையா."

"ஓம் அப்பா."

"ரெண்டு ஓலைதான்… மிச்சம். பொத்திக்கொண்டு… இருக்க ஏலாதே?"

நேர்ஸ் படிவத்தையும் பேனையையும் நீட்டினாள். ஹியூபேட் பேனையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நான் வைக்க மாட்டன்."

"அப்பா!"

"கேள்." மூச்சைச் சேர்த்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். "நான் செத்தால் கலியாணம் பிந்தும். வருத்தக்காரனா இருந்தால்… முறியும். செத்தவன்ட வருத்தத்தை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். பாவம் மனிசன் எண்டுவினம். நெஞ்சைத் தைச்சுக்கொண்டு… கொன்ஸ்ரன்ஸுக்கு முன்னால… எந்த முகத்தோட போய் நிக்கிறது? விடு."

றேமண்டுக்குத் தகப்பன் சொன்னது விளங்கியது. விளங்கியதுதான் பயங்கரம். அதில் பிழையே இல்லை. வாழ்நாள் முழுவதும் நட்டத்தைக் குறைத்து விற்ற மனிதர், கடைசிச் சாமானையும் அப்படியே தள்ளிவிடப் பார்க்கிறார்.

கதவு திறந்தது. "மிஸ், எபா!" என்று நேர்ஸ் மறித்ததைக் கவனிக்காமல் பிறிஜெற் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"அப்பா, சுவாமியாருக்கு ஃபோன் எடுத்தனான். ஞாயிறு ரெண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

ஹியூபேட்டின் கண் திறந்தது.

"என்னத்துக்கு?"

"தடை இருக்குது எண்டனான். என்ன தடை எண்டு கேட்டார். என்ட அப்பா இந்தக் கலியாணத்துக்காகச் சாகப் பாக்கிறார் எண்டு சொன்னனான்."

பிறிஜெற் நேர்ஸின் கையிலிருந்த பேனையை வாங்கினாள்.

"இனி நீங்கள் ஒளிச்சு வைச்சுக் காப்பாத்த ஒண்டும் இல்லை. ஓலையும் இல்லை, கலியாணமும் இல்லை. நீங்கள் செத்தாலும் அது வரப்போறேல்லை. சைன் வையுங்கோ."

ஹியூபேட் மகளைப் பார்த்தார். முப்பது வருஷம் அவருடைய கடையில் யாரும் இப்படி ஒரு வார்த்தையில் பேரத்தை முடித்ததில்லை. மாஸ்க்கின் பட்டிக்குள் கண்ணீர் இறங்கியது.

"என்னை… வெக்கங்கெடுத்திப் போட்டாய், பிள்ளை. ஊர் முழுக்க."

"ஓம்" என்றாள் பிறிஜெற். படிவத்தை எடுத்து அவருடைய மடியில் வைத்து, விரல்களுக்கு நடுவில் பேனையைச் செருகினாள். "உயிரோட இருந்து வெக்கப்படுங்கோ."

அவர் கையெழுத்து வைத்தார். அரைவாசியில் பேனை வழுக்கியது. நேர்ஸ் அது போதும் என்றாள்.

*

கட்டிலை உருட்டிக்கொண்டு வந்தபோது இமெல்டா செபமாலையோடு கூட ஓடினாள். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. மாதாவிடம் மன்னிப்புக் கேட்கிறாளா, புருஷனிடமா என்றும் தெரியவில்லை. ஜன்னலைத் தாண்டும்போது ஹியூபேட் கொன்ஸ்ரன்ஸைக் கண்டார். அவள் திரும்பிய கணத்தில், அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவர் முடிந்து லிஃப்ட் வரும்வரை அப்படியே கிடந்தார்.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. இமெல்டா அதற்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டாள். றேமண்ட் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். தாயும் மகனும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொன்ஸ்ரன்ஸ் ஜன்னலை விட்டு வந்தாள். பிறிஜெற்றின் முன்னால் நின்றாள். அவளுடைய கையில் ஃபோன் இருந்தது.

"சுவாமியார் இப்பதான் எனக்கு எடுத்தவர். ஓலையை நிப்பாட்டச் சொன்னது நீரோ?"

"ஓம் அன்ரி."

"ஆரைக் கேட்டு?"

பிறிஜெற் வாயெடுத்தாள். கொன்ஸ்ரன்ஸ் விடவில்லை.

"அந்த ஓலையில உம்மட பேர் மட்டுமே இருக்குது? பாதியை நீர் நிப்பாட்டலாம். மற்றப் பாதி என்ட மகன்ட பேர். அதை நிப்பாட்ட நீர் ஆர், பிள்ளை?"

அது கோபமா, வேறேதாவதா? முகத்தைப் பார்த்து ஆளை நிறுக்கிற றேமண்ட் நிலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தில் அவனால் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் ஃபோனை நீட்டினாள். அதற்குள் ஓர் ஆண்குரல் "ஹலோ, ஹலோ, அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இந்தாரும். ஜெறால்ட் லைன்ல நிக்கிறான். அவனுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. என்ன தடை எண்டு நீரே சொல்லும்."